ராவி இல்லாத மினாரா

சென்ற ரமலானுக்குச் சில நாட்கள் முன்னர், நம்மிடம் சில ஆண்டுகள் கிதாபு ஓதிய மாணவர் ஒருவர் வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் ஊர் வந்திருந்தார். நம்மைக் காண வந்தவர் கையோடு ஒரு கருவியையும் கொண்டுவந்தார். முகத்தின் மேற்பாதியை மூடிக் கட்டிக்கொள்ளும் கறுப்புப் பெட்டி அது. "ஹள்ரத், இதைக் கண்ணில் மாட்டிப் பாருங்கள். நீங்கள் பாடத்தில் சொல்லி நாங்கள் கேட்ட தேசம்தான்" என்றார். மாட்டினோம். மறுகணம் நம் வீட்டுத் திண்ணை மறைந்தது. அண்மைக்காலப் போரில் சிதைந்துபோன ஷாம் தேசத்துப் பள்ளிவாசலொன்றின் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தோம். தலையைத் திருப்பினால் வரிசை வரிசையாகத் தூண்கள். அண்ணாந்தால் குப்பாவின் உட்புறம். தரையில் மாலை வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. நம்மையறியாமல் குனிந்து செருப்பைக் கழற்றப் போனோம். திண்ணையில் வெறுங்காலோடு அமர்ந்திருந்த நமக்குக் கழற்றச் செருப்பேது! சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

உள்ளே சென்றோம். மிஹ்ராபுக்கு மேலே வளைந்து சென்ற எழுத்துப் பட்டையில் கண் நிலைத்தது. அரபு எழுத்தைக் கண்டபின் வாசிக்காமல் நகர்வது, மதரஸாவில் முப்பதாண்டு கழித்தவனால் ஆகக்கூடிய செயலன்று. தொடக்கம் தெளிவாக இருந்தது. மூன்று சொற்கள் வாசித்தோம். பிறகு தடுமாறினோம். அலிஃப் வரக்கூடாத இடத்தில் அலிஃப் நின்றது. நூனின் வயிறு பாதியில் அறுந்து வேறோர் எழுத்தாய்த் தொடர்ந்தது. சற்றுமுன் வாசித்த கோடுகளே இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வந்தன. எழுத்தின் சாயல் இருந்தது, எழுத்து இல்லை. எந்த அகராதியைப் புரட்டினாலும் அப்படியொரு சொல் அகப்படாது.

கருவியைக் கழற்றிவிட்டு மாணவரைக் கேட்டோம். அவர் கணினித் துறையில் பணியாற்றுபவர். படம் கிடைக்காத இடங்களைப் பக்கத்துப் பகுதியைப் பார்த்துக் கணினியே நிரப்பிக்கொள்ளும் என்றார். "எது எடுத்த படம், எது இட்டு நிரப்பியது என்று எங்கேனும் குறித்திருக்கிறார்களா?" என்றோம். நெடுநேரம் தேடினார். ஒரு குறிப்பும் இல்லை. அதற்குள் வீட்டாரும் அண்டை வீட்டாரும் ஒருவர் பின் ஒருவராக அதை மாட்டிப் பார்த்து, மாஷா அல்லாஹ் என்று வியந்து முடித்திருந்தார்கள். ஒருவருக்கும் அந்தக் குறை தென்படவில்லை; அரபு வாசிக்காதவருக்குத் தென்பட வழியுமில்லை. மூன்றாம் சொல்லுக்கு அப்பால் நாம் கண்டதைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

மெய்நிகர்க் காட்சி என்று இன்று இதனை அழைக்கிறார்கள். அதன் வேர் பழையது. 1858-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரத்துத் தேவாலயத்தை அளப்பதற்காக மேலே ஏறிய ஆல்பிரெக்ட் மெய்டன்பாவர் என்னும் இளம் கட்டடக் கலைஞர், உயரத்திலிருந்து விழவிருந்து மயிரிழையில் உயிர் பிழைத்தார். சுவரில் தொங்கி அளப்பதைவிட, தரையில் நின்று படமெடுத்து அப்படத்தை அளந்தாலென்ன என்னும் எண்ணம் அவருக்கு அன்று பிறந்தது. 1885-இல் பிரஷ்ய அரசு பெர்லினில் இதற்கென்றே ஒரு நிறுவனத்தை நிறுவி அவரிடம் ஒப்படைத்தது. பழங்கட்டடங்களின் படங்கள் பல்லாயிரம் கண்ணாடித் தகடுகளில் அங்கே சேர்ந்தன. விழப்போன ஒருவரின் அச்சத்திலிருந்து ஒரு கலையே எழுந்தது என்பது நமக்கு வியப்பூட்டும் செய்தி.

அதன் நுட்பம் நம் கண்ணிலேயே இருக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பார்த்தால் தெரியும். இரு கண்களும் இரு வேறு இடங்களிலிருந்து ஒன்றையே காண்பதால்தான் தூரம் நமக்குப் புலப்படுகிறது. அவ்வாறே ஒரு தூணை நூறு இடங்களிலிருந்து படமெடுத்தால், எல்லாப் படங்களிலும் தெரியும் ஒரே கீறலை, ஒரே மூலையைக் கணினி அடையாளங்கண்டு அதன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். மற்றொரு முறை லேசர் கதிரை அனுப்பி, அது கல்லில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு தூரத்தை அளப்பது. இரு முறைகளிலும் கிடைப்பது கோடிக்கணக்கான புள்ளிகளின் திரள். அப்புள்ளிகளின் மேல் படங்களைத் தோல்போலப் போர்த்தினால் கட்டடம் கண்ணுக்குள் எழுந்துவிடும்.

இதன் பயனை மறுப்பவர் அறிவுடையார் அல்லர். மௌஸில் நகரத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர் பென் கசீரா, எடுத்துச் செல்லத்தக்க லேசர் அளவைக் கருவிகளை முதன்முதலில் உருவாக்கியோருள் ஒருவர். 2001-இல் ஆப்கானிஸ்தானின் பாமியான் சிலைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதைக் கண்டு மனம் நொந்தவர், 2003-இல் சைஆர்க் என்னும் அமைப்பைத் தொடங்கினார். அவ்வமைப்பு 2009-இல் உகாண்டா நாட்டின் கசுபி அரச கல்லறைகளை அளந்து பதிவு செய்தது. மறு ஆண்டு மார்ச்சில் அக்கல்லறைகள் தீயில் எரிந்தன. பாரிஸின் நோத்ர் தாம் தேவாலயத்தை லேசரால் அளந்த ஆண்ட்ரூ டாலன் 2018-இல் மறைந்தார். அவர் அளந்துவைத்த தேவாலயம் 2019 ஏப்ரலில் எரிந்தது. அளந்தவர் போனார், அளக்கப்பட்டதும் எரிந்தது. அளவு மட்டும் மீட்புப் பணிக்கு உதவ எஞ்சியது. இவற்றை அறிந்தபின்னும் இக்கலையை வீண் விளையாட்டு என்று நாம் சொல்லப் போவதில்லை.

ஆயினும் அளவு எதை மீட்டுத் தரும், எதைத் தராது என்பதை ஆராய வேண்டும். இதற்கு நமக்கு வாய்த்த சான்றுகள் இரண்டு. இரண்டும் ஒரே மனிதரின் ஆணையால் எழுந்தவை. அவர் சுல்தான் நூருத்தீன் ஸங்கி.

முதலாவது, பைத்துல் முகத்தஸின் மிம்பர். அந்நகரம் சிலுவைப் போர் வீரர்களின் கையில் இருந்த காலம் அது. ஒருநாள் அது மீளும், மீண்டால் மஸ்ஜிதுல் அக்ஸாவில் ஒரு மிம்பர் வேண்டும் என்று ஹலப் நகரத்துத் தச்சர்களிடம் பணித்தார் நூருத்தீன். ஹிஜ்ரி 564, அதாவது 1168-69-இல் அப்பணி தொடங்கியது. அவர் 1174-இல் மறைந்தார். 1187-இல் சலாஹுத்தீன் அய்யூபி நகரை மீட்டபின், ஹலபிலிருந்து அம்மிம்பர் கொண்டுவரப்பட்டு உரிய இடத்தில் வைக்கப்பட்டது. வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் இதனைக் குறித்து வைத்திருக்கிறார். செய்த தச்சர்கள் தம் பெயர்களை மரத்தில் பொறித்திருந்தனர். எண்ணூறு ஆண்டுகளுக்குச் சற்றே குறைவாக அது அங்கே நின்றது.

1969 ஆகஸ்டு 21-ஆம் நாள் ஆஸ்திரேலியர் ஒருவர் வைத்த தீயில் அது எரிந்தது. நம் வயதினருக்கு அச்செய்தி பெற்றோர் வாய்மொழியாக வந்தது. அந்நாளில் ஊரில் ஓதிய குனூத்தைப் பற்றி நம் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கருகிய சில துண்டுகள் ஹரம் ஷரீஃபின் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன.

அதனை மீண்டும் செய்ய வேண்டும் என்று ஜோர்தான் முனைந்தபோது கையில் இருந்தவை பழைய புகைப்படங்கள். படங்கள் அழகாகவே இருந்தன. ஆனால் படத்தைக் கொண்டு மிம்பர் செய்ய இயலவில்லை. அதன் பக்கங்கள் விண்மீன் வடிவங்கள் ஒன்றோடொன்று பின்னிய கோலம். பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட மரத்துண்டுகள். ஆணி இல்லை, பசை இல்லை. ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டே நிற்க வேண்டும். படத்தில் தெரிந்தபடி வரைந்தால் ஓரிடத்தில் எழும் மயிரளவுப் பிழை மறுகோடியில் விரலளவாகிவிடும். மின்வர் அல்-மஹீத் என்னும் பொறியாளர், கோலத்தைப் பார்த்து எழுதுவதை விட்டு, அக்கோலம் எந்தக் கணக்கிலிருந்து பிறந்தது என்று தேடினார். வட்டத்தை எத்தனையாகப் பகுத்தார்கள், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு இழுத்தார்கள் என்னும் உஸூல் அவருக்குப் பிடிபட்டது. பின்னர் அந்தத் தச்சு அறிந்த கைகளைத் தேட வேண்டியிருந்தது. துருக்கி, இந்தோனேசியா, எகிப்து, ஜோர்தான் எனப் பல நாட்டுத் தச்சர்கள் கூடிச் செய்தார்கள். 2007-இல் புதிய மிம்பர் அக்ஸாவில் நிறுவப்பட்டது. எரிந்ததற்கும் எழுந்ததற்கும் இடையே முப்பத்தெட்டு ஆண்டுகள்.

இன்றுள்ள கருவி அன்று இருந்திருந்தால் அவ்வளவு காலம் பிடித்திராது என்பார்கள். ஓரளவு உண்மையே. ஒவ்வொரு துண்டின் அளவும் கையில் இருந்திருக்கும். ஆனால் துண்டுக்கு உள்ளே மறைந்திருக்கும் பொருத்துவாயை எந்தக் கதிரும் காணாது. கதிர் பட்டுத் திரும்பும் இடம் மேற்பரப்பு. அதற்கு உள்ளிருப்பது தச்சனின் அறிவு.

இரண்டாவது சான்று மௌஸில் நகரத்தின் ஜாமிஉன் நூரி. 1172-இல் நூருத்தீன் கட்டுவித்தது. அதன் மினாராவின் உயரம் ஏறத்தாழ 45 மீட்டர், செங்கல்லால் ஆனது, பல நூற்றாண்டுகளாகச் சாய்ந்தே நின்றது. அதனால் ஊரார் அதற்கு 'அல்-ஹத்பா' என்று பெயரிட்டார்கள், கூன் விழுந்தவள் என்று பொருள். இராக்கின் பணத்தாளிலும் அந்தக் கூனி இடம்பெற்றாள். 2017 ஜூன் 21-ஆம் நாள், ரமலான் மாதத்தில், நகரைப் பிடித்து வைத்திருந்த தாஇஷ் கூட்டத்தார் பின்வாங்கும்போது அதனை வெடிவைத்துத் தகர்த்தனர்.

அதன்பின் டிரோன்கள் பறந்தன. 2013-இல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இவ் யூபெல்மான் தொடங்கிய ஐகோனெம் நிறுவனம் மௌஸில், ஹலப், தத்மூர் என்னும் பல்மைரா ஆகிய நகரங்களின் இடிபாடுகளை வானிலிருந்து படமெடுத்தது. அப்படங்களைக் கொண்டு 2018 அக்டோபரில் பாரிஸின் அரபுலக நிறுவனத்தில் ஒரு பெரும் கண்காட்சி நடந்தது. இடிபாட்டின் மேல் பழைய உருவம் எழுந்து நிற்பதையும் மறுபடி மறைவதையும் பெருந்திரையில் மக்கள் கண்டார்கள். கண்ணில் பெட்டி மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தும் பார்த்தார்கள். பின்னர் அது ரியாத், வாஷிங்டன் முதலிய நகரங்களுக்கும் சென்றது. இது ஒரு நற்பணி. செய்தித்தாளில் ஒரு வரியாய் முடிந்துபோகும் அழிவைப் பல்லாயிரவர் நெஞ்சில் பதித்த பணி.

ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. எழுந்து மறைந்த அந்த உருவம் எந்த ஆண்டின் உருவம்? மௌஸில் பள்ளியின் தொழுகைக் கூடம் 1940-களில் பிரித்துக் கட்டப்பட்டது. 2017-இல் தகர்ந்தது நூருத்தீனின் மினாராவும், இருபதாம் நூற்றாண்டில் திருத்தியெழுப்பிய கூடமும். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் வரலாறுள்ள இடத்தில் படம் ஒரு நாளை மட்டும் பிடித்து நிறுத்துகிறது. காண்பவரோ அந்த ஒரு நாளையே ஆதிநாள் என்று கொள்கிறார்.

மண்ணுக்கு அடியிலும் ஒரு பாடம் காத்திருந்தது. மௌஸிலின் உயிர்ப்பை மீட்போம் என்று யுனெஸ்கோ 2018-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கி, ஐக்கிய அரபு அமீரகத்தின் பொருளுதவியோடு நூரிப் பள்ளியின் பணியை ஏற்றது. 2022-இல் தொழுகைக் கூடத்தின் அடித்தளத்துக்குக் கீழே தோண்டியபோது, பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த நான்கு அறைகள் வெளிப்பட்டன. ஒளூச் செய்யும் இடமாக இருந்தவை என்று கருதப்படுகின்றன. எந்தப் படத்திலும் இல்லாதவை அவை. 2024-இல் அதே கூடத்தின் தென்சுவருக்குள் தாஇஷ் கூட்டத்தார் ஒளித்துவைத்த ஐந்து பெரிய வெடிகுண்டுகள் கண்டெடுக்கப்பட்டன. சுவரின் வெளித்தோற்றத்தை எத்தனை கோடிப் புள்ளிகளாக அளந்தாலும், உள்ளே இருந்த வுளூக் கூடத்தையும் சாவையும் அப்புள்ளிகள் அறியா. கல்லைக் கையால் எடுத்தவர்களே இரண்டையும் அறிந்தார்கள்.

2025 செப்டம்பரில் அப்பள்ளி மீண்டும் திறக்கப்பட்டது. இடிபாட்டிலிருந்து பொறுக்கியெடுத்த பழைய செங்கற்கள் ஆயிரக்கணக்கில் மினாராவில் சேர்ந்தன. அது நேராக நிமிர்த்திக் கட்டப்படவில்லை, கூனியாகவே எழுந்தது. அந்த முடிவை நாம் மிகவும் பாராட்டுகிறோம். சாய்வு ஒரு பிழை என்று பொறியாளர் எண்ணியிருக்கலாம். ஊரார் தம் மினாராவை அறிந்தது அச்சாய்வினால் அன்றோ! சாய்வின் அளவைப் பழைய பதிவுகளும் படங்களும் தந்தன. அதனைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் மனிதரிடமிருந்து வந்தது. வளாகத்துக்கு 2021-இல் தேர்வான புதிய வரைபடம் மௌஸிலின் மரபுக்கு அயலானது என்று இராக்கியக் கட்டடக் கலைஞர் சிலர் குறை கூறியதும் இங்கு நினைவுகூரத்தக்கது. தம் ஊர்ப் பள்ளியைப் பற்றிப் பேசும் உரிமை அவர்களுக்கு முதலில் உண்டு.

பல்மைராவில் நடந்தது வேறு வகை. அது இஸ்லாத்துக்கு முற்பட்ட நகரம். அதன் வெற்றி வளைவு 2015-இல் தகர்க்கப்பட்டது. மறு ஆண்டு ஏப்ரலில் இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அதன் பிரதி நின்றது. படங்களைக் கொண்டு உருவாக்கிய கணினி வடிவத்தைப் பார்த்து, இத்தாலியில் இயந்திரம் பளிங்கில் செதுக்கியது, மூலத்தைவிடச் சிறியது. மக்கள் திரண்டு வந்து படமெடுத்துக்கொண்டார்கள். செதுக்கல்களின் கூர்மை மழுங்கியிருந்ததையும், பாலைவனத்து வளைவை அதன் மண்ணிலிருந்து பெயர்த்து வேடிக்கைப் பொருளாக்கியதையும் தொல்லியலாளர் பலர் கடிந்தனர். நம்மை உறுத்துவது வேறொன்று. அந்நகரத்தின் தொல்பொருள்களை நாற்பது ஆண்டுகள் காத்தவர் காலித் அல்-அஸ்அத் என்னும் அறிஞர். எண்பது வயதைக் கடந்த அவரை 2015 ஆகஸ்டில் அதே கூட்டத்தார் கொன்றனர். எந்தக் கல் எங்கே கிடைத்தது, எதை எப்போது நிமிர்த்தி வைத்தார்கள், எந்த எழுத்தை முன்னோர் எப்படி வாசித்தார்கள் என்பதெல்லாம் அவரிடம் இருந்தது. வளைவுக்குப் பிரதி வந்தது.

இங்கேதான் நாம் கற்ற கலை நமக்குத் துணைக்கு வருகிறது. ஒரு ஹதீஸ் நம் கைக்கு வந்தால் அதன் சொல்லழகைக் கண்டு மயங்க வேண்டாம் என்று உஸ்தாதுகள் நமக்குப் போதித்தார்கள். முதலில் இஸ்னாதைக் கேள். யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்த காலம் உண்டா, ராவியின் நினைவாற்றல் எத்தகையது? சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அது முன்கதிஃ. இவற்றுள் 'முத்ரஜ்' என்றொரு வகை உண்டு. ராவி தம் விளக்கமாகச் சொன்ன சொல், கேட்டவரின் கவனக்குறைவால் மூலச் சொல்லோடு கலந்துவிடுவது. ராவி பொய் சொன்னார் என்று யாரும் சொல்வதில்லை. நல்ல எண்ணத்தோடு சொன்னதுதான். ஆயினும் எது மூலம், எது ராவியின் சொல் என்று பிரித்துக் காட்டாதவரை அந்த ரிவாயத்தை அப்படியே ஏற்க மாட்டார்கள்.

அந்த மிஹ்ராபின் மூன்றாம் சொல்லுக்கு அப்பால் நாம் கண்டது முத்ரஜ். கணினி தீய எண்ணத்தோடு எழுதவில்லை. இடைவெளியைக் கண்டது, நிரப்பியது. நிரப்பியதைச் சொல்லாமல் விட்டது மனிதர் செய்த பிழை.

இக்குறையை இத்துறையினரே உணர்ந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லாமல் விடலாகாது. இலண்டன் சாசனம் என்னும் நெறிமுறை 2006-இல் வரையப்பட்டு 2009-இல் திருத்தப்பட்டது. பண்பாட்டுச் சின்னங்களைக் கணினியில் உருவாக்குவோர், எதை அறிந்து வரைந்தார்கள், எதை ஊகித்து வரைந்தார்கள், ஏன் அவ்வாறு ஊகித்தார்கள் என்பதைப் பார்ப்பவர் அறியுமாறு பதிந்துவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் முஹத்திஸீன்கள் வகுத்து வைத்ததும் இதுவே என்று மார்தட்டிக்கொள்ள நமக்கு ஆசைதான். ஆனால் வகுத்தவர்களின் வழிவந்த நாம், நமது பள்ளிவாசல்களுக்கு அதைச் செய்தோமா என்று யாரேனும் திருப்பிக் கேட்டால் விடை சொல்ல முடியாது.

ஸனது தெளிவாக இருந்தால் படம் எவ்வளவு மதிப்புப் பெறும் என்பதற்கு ஒரு சான்று. 2021 மே மாதத்தில் ஹஜருல் அஸ்வதின் படத்தைச் சவூதி அரேபியா வெளியிட்டது. 1,050 படங்களை ஏழு மணி நேரம் எடுத்து, அவற்றை ஐம்பது மணி நேரத்துக்கு மேல் செலவிட்டு ஒன்றாக்கியதாக அறிவித்தார்கள். எப்படி எடுத்தார்கள் என்று சொன்னதால், காண்பதை நம்பிக் காண முடிகிறது. அதனைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கண் கலங்காத ஹாஜி உண்டோ? கண்ணில் பெட்டி மாட்டிக் கஅபாவைச் சுற்றினால் ஹஜ் ஆகுமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆகாது என்று துருக்கியின் மார்க்க விவகார அமைப்பு 2022-இல் தெளிவாகவே கூறிவிட்டது. மதரஸாவின் முதலாண்டு மாணவனும் அதையே சொல்வான்.

இன்னொரு கவலையும் உண்டு. இப்பதிவுகள் எத்தனை காலம் நிற்கும்? 1086-இல் இங்கிலாந்து மன்னர் எடுத்த நிலக் கணக்கேட்டின் தொள்ளாயிரமாவது ஆண்டை ஒட்டி, 1986-இல் பிபிசி நிறுவனம் அந்நாட்டைப் பற்றிய செய்திகளையெல்லாம் திரட்டி லேசர் தட்டுகளில் பதித்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அத்தட்டுகளை வாசிக்கும் இயந்திரம் அரிதாகிவிட்டது. அவற்றை மீட்கத் தனியே வல்லுநர்கள் பாடுபட வேண்டியிருந்தது. 1086-இல் தோலில் எழுதிய ஏடோ இன்றும் வாசிக்கும் நிலையில் இருக்கிறது. கரையான் பாதி தின்ற கிதாபும் மீதிப் பாதியை நமக்குத் தந்துவிடும். கணினியின் கோப்பு கெட்டால் பெரும்பாலும் முழுவதும் கெட்டது. மேலும், இத்தகைய அளவுகள் பாரிஸிலும் கலிஃபோர்னியாவிலும் இருக்கின்றன. 2018 முதல் சில பதிவுகளைச் சைஆர்க் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது என்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும், தன் பாட்டனார் தொழுத பள்ளியின் உருவத்தைக் காண மௌஸில் பிள்ளை ஒருவன் கடல்கடந்த ஒருவரிடம் அனுமதி கேட்கும் நிலை வருமாயின், அது நல்ல நிலையன்று.

மௌஸிலைப் பற்றி இவ்வளவு எழுதியபின் நம் கரையை எண்ணாமல் இருக்க இயலவில்லை. அங்கே வெடிமருந்து செய்ததை இங்கே சுண்ணாம்பும் எனாமல் வண்ணமும் ஓசையின்றிச் செய்கின்றன. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கல்தூண் நிறுத்தி, தமிழகத்துச் சிற்பிகளின் கைவண்ணத்தில் எழுந்த பழம்பள்ளிகள் இன்னும் நிற்கின்றன. அவற்றைப் போற்றிக் காப்போரும் இருக்கிறார்கள். ஆனால் எல்லா ஊர்களும் அத்தகையன அல்ல. நாமறிந்த ஓரூரில் விரிவாக்கப் பணியின்போது மிஹ்ராபின் ஓரத்திலிருந்த எழுத்துக்கல்லை ஓடு பதித்து மூடிவிட்டார்கள். அழகுக்காகச் செய்தார்கள், குற்றம் சொல்ல மனம் வரவில்லை. அக்கல்லில் என்ன இருந்தது என்று கேட்டால், "அரபியில் ஏதோ இருந்தது" என்கிறார்கள். ஒரு படம் இருந்திருந்தால்? கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு படம்!

இதை மாணவரிடம் சொன்னபோது அவர் ஒரு வழி சொன்னார். மங்கிய எழுத்தை நேரே ஒளிபாய்ச்சி எடுத்தால் ஒன்றும் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்துவிடும். விளக்கைப் பல திசைகளில் மாற்றி மாற்றி வைத்து எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றுசேர்த்து, பின்னர் விரும்பிய பக்கத்திலிருந்து ஒளி விழச் செய்து பார்க்கும் முறை 2001-இலேயே வந்துவிட்டதாம். பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை.

அவர் ஊர் திரும்புவதற்கு முந்திய இரவு, இஷாவுக்குப் பின் இருவரும் எம் ஊர் மையவாடிக்குச் சென்றோம். பழைய மீஸான் கற்களுள் ஒன்றை மோதினார் அனுமதியோடு தண்ணீரால் மட்டும் துடைத்தோம். நாம் டார்ச்சு விளக்கைத் தரையோடு தரையாகப் பிடிக்க, அவர் படமெடுத்தார். பகலில் வெறுங்கல்லாகத் தெரிந்ததில் வரிவரியாக எழுத்து எழுந்தது. பெயர் வந்தது, தந்தை பெயர் வந்தது, வஃபாத்தான மாதம் வந்தது. ஆண்டில் நூற்றின் இடமும் ஒன்றின் இடமும் தெளிவு. பத்தின் இடத்தில் நின்றுவிட்டோம். 'ஸப்ஈன்' என்றால் எழுபது, 'திஸ்ஈன்' என்றால் தொண்ணூறு. புள்ளியிடாமல் எழுதினால் இரண்டுக்கும் ஒரே வடிவம். செதுக்கியவர் புள்ளியிட்டாரா, உப்புக்காற்று தின்றதா என்று சொல்ல முடியவில்லை. கல்லில் எட்டுத் திசையிலிருந்தும் ஒளிபாய்ச்சிப் பார்த்தோம்.

"எது பொருத்தம் என்று கணினியிடமே விட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தந்துவிடும் ஹள்ரத்" என்றார் மாணவர். வேண்டாம் என்றோம். படங்களின் பெயரில் இரண்டு ஆண்டுகளையும் எழுதச் சொன்னோம். எடுத்த நாள், நேரம், விளக்கு நின்ற பக்கம், எடுத்தவர் பெயர், வாசித்தவர் பெயர் யாவும் மையால் நோட்டுப்புத்தகத்தில் குறித்துக்கொண்டோம். அதன் ஒரு நகல் பள்ளிவாசல் அலமாரியில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தாரின் பழைய கடிதமோ பத்திரமோ யாரிடமேனும் இருந்து, எழுபதா தொண்ணூறா என்பது தெரிந்தால், ஓரத்தில் எழுத இடம் விட்டிருக்கிறோம்.